மேசை மேல் அடுப்பு

அந்த இரும்புப் பெட்டியைத் தூக்கிவந்து முன்னறை மேசையில் வைத்ததும், இது என்ன எலிப்பொறியா என்று கேட்டார் என் கணவர். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை, இருந்தாலும் அன்றைக்குக் காரணம் இருந்தது. கல்யாணமாகி எட்டு மாதத்தில் அந்த வீட்டுக்குள் எனக்கென்று வந்த முதல் சாமான் அதுதான். மற்றதெல்லாம் எனக்கு முன்னால் அங்கே வாழ்ந்தவளுடையது. அம்மி அவளுடையது, அல்மாரி அவளுடையது, ஜன்னல் சீலைகூட அவள் கையால் தைத்தது. அதைவிட நன்றாக என்னால் தைக்க முடியும், ஆனாலும் நான் மாற்றவில்லை. சொல்லப்போனால் கணவரும் அவளுடையவர்தான், நான் பிறகு வந்தவள்.

அறுபதுகளின் ஆரம்பம் அது. அவர் இலங்கையில், மாத்தளைக்கு மேலே எல்கடுவ மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் டீமேக்கர். தேயிலைத் தொழிற்சாலையை அங்கே யாரும் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டார்கள், ஸ்டோர் என்பார்கள். மலையிலிருந்து இறங்கும் கொழுந்து வாடி, அரைபட்டு, காய்ந்து, தூளாகிப் பெட்டிக்குள் போகும்வரை ஸ்டோரில் நடப்பதெல்லாம் அவர் பொறுப்பு. அதனால் ஸ்டோருக்கு மேலே, மலைச் சரிவில், தகரக் கூரை போட்ட ஒரு குவார்ட்டர்ஸ் எங்களுக்கு இருந்தது. அந்த வீட்டில்தான் அவருடைய முதல் மனைவி காய்ச்சலில் இறந்துபோனாள். ஒன்றரை வருஷம் கழித்து, மாத்தளை டவுனில் ஒரு கடையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டு, இனி நமக்கு யார் வரப்போகிறார்கள் என்றிருந்த இருபத்தெட்டு வயதுக்காரியான என்னைக் கட்டிக்கொண்டார். நல்ல மனிதர். அரைத்த கொழுந்தை மோந்து பார்த்தே அது இன்னும் எத்தனை நிமிஷம் கிடக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். வீட்டில் இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் அவருக்கு ஒன்றும் சொல்லத் தெரியாது.

வீட்டில் இருந்தது நானும் அவருடைய மகளும். அவளுக்குப் பதினொரு வயது.

கெட்ட பிள்ளை என்று சொல்லவே முடியாது. சொன்ன வேலையைச் செய்வாள். மலையிலிருந்து விழுகிற பீலியில் தண்ணீர் பிடித்து வருவாள், கோழிக்கூட்டை மூடுவாள், பாடம் படிப்பாள். ஆனால் எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மா என்று கூப்பிடு என்று கேட்கிற அளவுக்கு நான் முட்டாளில்லை. சித்தி என்று சொல்லலாம். சும்மா “இங்க பாருங்க” என்றாவது சொல்லலாம். ஊஹூம். ஏதாவது வேண்டுமென்றால் குசினி வாசலில் வந்து நின்று, கதவு நிலையை நகத்தால் சுரண்டுவாள். நான் திரும்பிப் பார்க்கும்வரை சுரண்டுவாள். பார்த்ததும் நிறுத்திவிட்டு, வேண்டியதைச் சொல்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சில நாள் வேண்டுமென்றே திரும்பாமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பேன். அவளும் விடமாட்டாள், சுரண்டிக்கொண்டே இருப்பாள். அந்த நிலையில் அவள் உயரத்துக்கு நேராக ஓர் இடத்தில் பெயின்ட் உரிந்தேபோனது.

சாப்பாட்டு வேளைதான் இன்னும் மோசம். அவர் முதலில் சாப்பிட்டுவிட்டு ஸ்டோருக்குப் போய்விடுவார். குசினியில் உட்கார்ந்து சாப்பிட இரண்டு பலகைகள் இருந்தன. அவள் ஒன்றில் உட்கார்ந்து, மற்றதைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிடுவாள். நான் போன புதிதில் ஒரு நாள், பாவம் தனியாகச் சாப்பிடுகிறதே பிள்ளை என்று, என் பீங்கான் தட்டை எடுத்துக்கொண்டு போய் அந்த இரண்டாவது பலகையில் உட்கார்ந்தேன். அவள் பீங்கானைத் தூக்கிக்கொண்டு எழுந்து, பின்பக்கம் போய்க் கொய்யா மரத்தடியில் நின்றே சாப்பிட்டாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அது அவள் அம்மாவின் பலகை என்று எனக்கு யாரும் முன்னமே சொல்லவில்லை. யார் சொல்வார்? சொல்ல வேண்டியவர் கொழுந்தை மோந்துகொண்டிருந்தார்.

ஆனால் காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் தலை பின்ன வந்து உட்காருவாள். ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தைக் குனிந்து கொடுப்பாள். பின்னி முடித்ததும் இறுக்கம் சரிதானா என்று தலையை ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பாள். அந்த ஓர் ஆட்டலுக்காக நான் நாள் முழுக்கக் காத்திருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். உண்மை அதுதான்.

இப்படி இருக்கையில்தான் கலேவெலையிலிருந்து கடிதம் வந்தது. எழுதியவர் அவளுடைய தாய்மாமன், இறந்துபோனவளின் அண்ணன். கலேவெலையில் ஒரு கடையும் கொஞ்சம் வயலும் வைத்திருந்தார், பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூட லீவு தொடங்குகிற ஞாயிற்றுக்கிழமை தானும் மனைவியும் வருவதாக எழுதியிருந்தார். தங்கச்சி மகளைப் பார்க்க வேண்டும், அவள் அங்கே சந்தோஷமாக இருந்தால் சரி, இல்லையென்றால் தங்களோடு கூட்டிப்போய் அங்கேயே படிக்க வைத்துக்கொள்வதாக நேராகவே எழுதியிருந்தார். இரண்டு தடவை படித்தேன்.

முதலில் வந்தது ஊர்ப் பயம்தான், மறைக்க மாட்டேன். இரண்டாந்தாரமாக வந்தவள் எட்டு மாதத்தில் மூத்தவள் பிள்ளையைத் துரத்திவிட்டாள் என்று பீலிக்கு வருகிற பெண்கள் பேசுவார்கள். ஆனால் அன்று பின்னேரம் கொடியிலிருந்து அவளுடைய பள்ளிக்கூடச் சட்டையை எடுத்து மடிக்கும்போது கை நின்றுவிட்டது. இந்தச் சட்டை இனி இந்தக் கொடியில் காயாது என்று நினைத்தேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஊரைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. என் கணவரிடம் கேட்டேன், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று. பிள்ளையின் இஷ்டம் என்றார். தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்த வாரத்தில்தான் பங்களாவிலிருந்து ஆள் வந்தது. தோட்டத்தை நடத்திய பங்களாத் தொரை வெள்ளைக்காரர், அவருடைய மனைவி தொரசாணி பனி பெய்கிற மலைநாடு ஒன்றிலிருந்து வந்தவர், சுவிஸ்காரி. நான் அங்கே போய் அவர்களுடைய மெஷினில் ஜன்னல் சீலைகள் தைத்துக் கொடுத்திருந்தேன். அளவெடுக்கப் போன ஒரு நாள், தொரசாணி என்னைக் கையைப் பிடித்து இழுத்து அவர்களுடைய சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்துவிட்டார். மேசை நடுவில் கால் வைத்த ஓர் இரும்புப் பெட்டி, அதற்குள் தணல். ஆளுக்கொரு சின்ன இரும்புத் தட்டு, அதற்கு நீளமான கைப்பிடி. சீஸைத் துண்டு போட்டு அந்தத் தட்டில் வைத்து, பெட்டிக்குள் தள்ள வேண்டும். உருகிக் கொதித்ததும் இழுத்து, அவித்த உருளைக்கிழங்கின் மேல் வழித்துக்கொண்டு சாப்பிட வேண்டும். கூடத் தொட்டுக்கொள்ள வினாகிரியில் ஊறிய வெள்ளரிக்காய். அவ்வளவுதான் முழு விருந்தும்.

எனக்கு அந்தச் சீஸின் ருசி பாதிதான் பிடித்தது. ஆனால் வேறொன்றைப் பார்த்து வாயடைத்துப் போனேன். அந்த மேசையில் யாரும் யாருக்கும் பரிமாறவில்லை. தொரையும் தன் தட்டைத் தானே தள்ளினார், தானே இழுத்தார். பங்களாச் சமையல்காரர் செய்ய வேலையில்லாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவர் ஓரமாக நின்றார். முதலில் ஆம்பிளை, பிறகு பிள்ளை, கடைசியில் பொம்பிளை என்ற வரிசையெல்லாம் அங்கே செல்லாது. எல்லாரும் ஒரே நேரத்தில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தால்தான் சாப்பாடு.

தொரசாணி இப்போது ஊரோடு போகிறார். போகுமுன் எனக்கு என்ன வேண்டும் என்று ஆள் அனுப்பிக் கேட்டார். நான் யோசிக்கவேயில்லை. அந்தப் பெட்டி என்றேன். அவர் சிரித்துவிட்டு, ஊரிலிருந்து யாரோ கப்பலில் கொண்டுவந்து கொடுத்த சீஸில் ஒரு செங்கல் அளவுத் துண்டையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்.

என் கணக்கு இதுதான். பீங்கானைத் தூக்கிக்கொண்டு அவள் கொய்யா மரத்தடிக்குப் போகலாம். நெருப்பைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மாமனும் அத்தையும் வருகிற அன்றைக்கு மேசை நடுவில் அந்தப் பெட்டியை வைத்து, எல்லாரும் சுற்றி உட்கார்ந்தால், அவளும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும், அவள் பக்கத்துக் கதிரையில் நான் உட்காருவேன். ஒரு வேளையாவது அவளோடு ஒன்றாகச் சாப்பிடுவேன். மாமன் அதைப் பார்ப்பார். பிள்ளை தங்களோடு வருவதா இங்கேயே இருப்பதா என்று அவர் முடிவு செய்யும்போது அது அவர் கண்ணில் நிற்கும்.

சீஸை ஒரு டின்னில் போட்டு, மூடி, பீலித் தண்ணீர் விழுகிற குழியில் கல் வைத்து அமுக்கி வைத்தேன். மலைத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். இரண்டாம் நாளே, என்ன நாற்றம் இது, ஸ்டோரில் சாக்கு ஏதும் நனைந்து கிடக்கிறதா என்று பெண்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து மூக்கைப் பொத்திக்கொண்டேன். என் கணவர் மட்டும் டின்னைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, இது இன்னும் இரண்டு நாள் கிடந்தால் நன்றாக இருக்கும் என்று தீர்ப்புச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களுக்குள் சண்டை. கொஞ்சம் சோறும் ஆக்கி வைக்கச் சொன்னார் அவர். நான் மாட்டேன் என்றேன். தொரசாணி சொன்ன விருந்தில் சோறு கிடையாது, சோற்றையும் வைத்தால் எல்லாரும் அதையே பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழும்பிவிடுவார்கள், யாரும் நெருப்பைச் சுற்றி உட்கார மாட்டார்கள் என்பது என் வாதம். அவர் ஒரே ஒரு தடவை திருப்பிச் சொன்னார்.

“வாறவரு வயக்காரரு. சோறில்லாட்டி அவருக்கு அது சாப்பாடே இல்ல.”

“ஒரு நாள் சோறு இல்லாட்டி யாரும் செத்துப் போயிற மாட்டாங்க” என்றேன். வாயைக் கட்டத் தெரியாதவள் நான். அந்த வார்த்தை அன்றைக்கே எனக்குத் திரும்பி வந்தது.

உருளைக்கிழங்கைப் பகலிலேயே அவித்துத் துணியில் சுற்றி வைத்தேன். வெள்ளரிக்காய் அச்சாறு போட்டேன், காய்ந்த மிளகாயில் கட்டச் சம்பல் இடித்தேன். பிறகு குசினி பளிச்சென்று இருக்கட்டும் என்று அடுப்பிலிருந்த சாம்பலையெல்லாம் அள்ளிக் கொட்டி, சாணி கரைத்து மெழுகி, சட்டி பானைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். பெட்டிக்கு வேண்டிய தேங்காய்ச் சிரட்டைக் கரியை வெளியில் ஒரு தகரத்தில் மூட்டிக்கொள்ளலாம். மெழுகிய அடுப்பைத் தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

நான்கு மணிக்கு வர வேண்டியவர்கள் ஆறு மணிக்குத்தான் வந்தார்கள். நாலந்தாவில் பஸ் நின்றுவிட்டதாம், காலையில் சாப்பிட்டதற்குப் பிறகு தேத்தண்ணீர்தான் என்றார் மாமனின் மனைவி. உருண்டையான, சிரித்த முகம் அவருக்கு. மாமன் சிரிக்கவில்லை. தோளில் ஒரு சாக்கு. அவருடைய வயலில் அந்தப் போகத்தில் விளைந்த புது அரிசி, குத்தி எடுத்து வந்திருந்தார். தங்கச்சி இருந்த காலத்தில் ஒவ்வொரு போகத்துக்கும் இப்படிக் கொண்டுவந்து கொடுப்பாராம். நான் வாங்கப் போனேன். பரவாயில்லை என்று தானே குசினிக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

போனவர் வரவில்லை. நான் பின்னால் போய்ப் பார்த்தேன். சாக்கை இறக்காமல் தோளில் வைத்தபடியே அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். மெழுகிக் காய்ந்த வெறும் அடுப்பு. கவிழ்த்த சட்டிகள். பிறகு சாக்கைச் சுவரோரம் மெதுவாக வைத்துவிட்டு, என்னைத் தாண்டி முன்னறைக்கு வந்து, என் கணவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

“மச்சான், எந் தங்கச்சி போன அன்னிக்கி இந்த அடுப்பு இப்பிடித்தான் மெழுகிக் கெடந்துச்சு. அதுக்குப் பொறகு இன்னிக்கித்தான் பாக்குறேன்.”

 எங்கள் சனத்தில் சாவு வீட்டில்தான் அடுப்பு மூட்ட மாட்டார்கள். வயிற்றுப் பசியோடு வந்த விருந்தாளிக்கு, அதுவும் செத்தவளின் அண்ணனுக்கு, அவள் செத்த வீட்டில், குளிர்ந்த அடுப்பைக் காட்டியிருக்கிறேன். காலையில் நான் சொன்ன வார்த்தை காதுக்குள் இரைந்தது. அப்போதாவது காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டிருக்கலாம். என் வாய் கேட்குமா?

“அடுப்பு அணையலண்ணே. மேச மேல ஏத்தி வச்சிருக்கேன். வந்து உக்காருங்க” என்றேன்.

அவர் உட்காரவில்லை. மேசையைப் பார்த்தார். இரும்புப் பெட்டி, துணியில் சுற்றிய கிழங்கு, வெட்டி வைத்த மஞ்சள் துண்டுகள். மகள் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். “துணிய மடிச்சு வை புள்ள, விடியக்காலப் பஸ்ஸுக்குப் போவோம்” என்று அவளிடம் சொல்லிவிட்டு, ஜன்னலோரக் கதிரையில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. அதற்காக இன்றுவரை அவருக்கு நன்றி சொல்கிறேன். மாமனின் மனைவிதான், எனக்குக் கண் இருட்டுது, எதையாவது குடு தங்கச்சி என்று மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.  வெளியே மூட்டியிருந்த சிரட்டைத் தணலை அள்ளி வந்து பெட்டியில் கொட்டினேன். அந்தப் பெட்டிக்கு மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு, நடுவில் சின்னத் தட்டுகளைத் தள்ளுகிற இடைவெளி. அடுப்பென்றால் நெருப்பு கீழேதானே? கீழ்த்தட்டில் கொட்டினேன். பங்களாவில் நான் போய் உட்கார்ந்தபோது எல்லாம் தயாராக இருந்தது, சமையல்காரர் எங்கே எதை வைத்தார் என்று நான் கவனிக்கவில்லை. சீஸ் கொஞ்சம்தானே என்று ஒத்திகையும் பார்க்கவில்லை.

சின்னத் தட்டில் சீஸை வைத்துத் தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் புகை வந்தது. இழுத்துப் பார்த்தால் அடியெல்லாம் கருகி ஒட்டிக்கொண்டிருந்தது, துண்டின் மேல்பக்கம் வைத்தபடியே இருந்தது. இன்னொன்று வைத்தேன், அதுவும் கருகியது. தீய்ந்த நாற்றம் வீடெல்லாம் பரவியது. மாமனின் மனைவி சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டார். மாமன் ஜன்னலைத் திறந்துவிட்டார்.  எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன். ஒரு சீஸ் கட்டியை நம்பிப் பிள்ளையைப் பறிகொடுத்த முதல் ஆள் இந்த மாத்தளை ஜில்லாவிலேயே நானாகத்தான் இருப்பேன்.

அப்போது எனக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. அறைக் கதவு நிலையை நகத்தால் சுரண்டுகிற சத்தம். திரும்பினேன். நிறுத்தினாள்.

“நெருப்பு மேல வரணும்” என்றாள். பிறகு, கொஞ்சம் பொறுத்து, “அம்மா கேக் சுடுறப்ப மூடி மேலதான் தணல் போடுவாங்க” என்றாள்.

நான் அந்த வீட்டுக்குப் போனதிலிருந்து அவள் வாயால் அம்மா என்ற சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஜன்னலோரத்தில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவரும் திரும்பிவிட்டார். நான் இடுக்கியை அவளிடம் நீட்டினேன். வேறென்ன செய்ய? அவள் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு தணலாகக் கீழ்த்தட்டிலிருந்து எடுத்து மேல்தட்டில் பரப்பினாள். அவசரமே படவில்லை. ஊதிச் சாம்பலை விலக்கினாள். சீஸை வைத்துத் தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். துண்டின் ஓரம் முதலில் இளகியது, பிறகு நடு, பிறகு முழுவதும் குமிழ் விட்டுக் கொதித்தது. இழுத்து, கிழங்கின் மேல் வழித்து, அத்தையின் பீங்கானில் வைத்தாள். அத்தை அதன் தலையில் கட்டச் சம்பலை அப்பி வாயில் போட்டார். கண்ணை மூடினார். பிறகு பீங்கானை மறுபடி நீட்டினார். என் கணவரும் வந்து உட்கார்ந்து, வாசம் இப்போது சரி என்றார்.

மாமன் மட்டும் அசையவில்லை. நான் அவரைப் பார்த்தேன். நாள் முழுக்கப் பஸ்ஸில் வந்த மனிதர், சட்டைக் காலரில் புழுதி. தங்கச்சியின் வீட்டுக்குத் தங்கச்சி இல்லாமல் அரிசி கொண்டுவந்தவர். என்னுடைய வீம்பில் அவருடைய துக்கத்தை நான் கண்டுகொள்ளவே இல்லை. கோபம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. எழுந்து குசினிக்குப் போனேன்.

மெழுகிய அடுப்பில் விறகை வைத்து மூட்டினேன். அவருடைய சாக்கைப் பிரித்து, மூன்று சுண்டு அரிசி அளந்து களைந்து உலை வைத்தேன். ஊதுகுழலைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சுவரில் இரண்டு பலகைகளும் சாய்த்து வைத்திருந்தன. அவளோடு ஒரு வேளை ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்றுதானே இத்தனை பாடும் பட்டேன்? முன்னறையில் எல்லாரும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், நான் மட்டும் குசினியில். விடிந்தால் அவள் போய்விடுவாள். போனாலும் சோறு சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று விறகைத் தள்ளினேன்.

புது அரிசி கொதிக்கிற வாசம் வீட்டுக்குள் பரவினால் எப்படி இருக்கும் என்று சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். முன்னறையில் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. சோற்றை வடித்து எடுத்துக்கொண்டு போனபோது மாமன் மேசையில் உட்கார்ந்திருந்தார். மருமகள் அவருக்கு ஒரு சின்னத் தட்டைக் கையில் கொடுத்து, எவ்வளவு தூரம் தள்ள வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தாள். அவர் அவசரப்பட்டு இழுத்து, பாதி இளகியதைக் கிழங்கின் மேல் வழிக்கப் பார்த்து, மேசையில் கொட்டினார். அவள் சிரித்தாள். வாய்விட்டு இல்லை, ஆனால் சிரித்தாள்.

நான் சோற்றைப் போட்டேன். அவர் அதைத் தொட்டு, விரலால் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தார்.  அடுத்த தடவை சீஸ் நன்றாக உருகியதும் அதைக் கிழங்கில் போடாமல் சோற்றில் கவிழ்த்து, கட்டச் சம்பலைச் சேர்த்துப் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தார். மென்றார். இன்னொரு கவளம். சுவிஸ் தேசத்தில் யாராவது பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ! அத்தையும் அப்படியே செய்தார், என் கணவரும் செய்தார். சட்டியில் சோறு குறைந்துகொண்டே வந்தது. நான் மேசையைச் சுற்றி நடந்து சோறு போட்டேன், தண்ணீர் ஊற்றினேன், அச்சாறு எடுத்து வந்தேன். யாரும் யாருக்கும் பரிமாறாத விருந்து என்று சொல்லித் தொடங்கிய நானே கடைசியில் பரிமாறிக்கொண்டு நின்றேன்.

மாமன் சாப்பிட்டு முடித்துக் கையைப் பீங்கானுக்கு மேலேயே வைத்துக்கொண்டு, மருமகளைப் பார்த்தார். இப்போது குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

“என்ன புள்ள, விடியக்கால மாமாவோட வாறியா?”

 என் கணவர் எப்போதும்போல அதைப் பிள்ளையின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார். என் வாழ்நாளில் நான் வாயை மூடிக்கொண்டு நின்ற ஒரே நேரம் அதுதான். சோற்றுச் சட்டியை இறக்கி வைக்கவும் தோன்றவில்லை.

அவள் பெட்டிக்குள் தள்ளியிருந்த தன் தட்டைக் குனிந்து பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். ஓரம் லேசாகச் சிவந்ததும் இழுத்தாள். அவள் பக்கத்தில் ஒரு கதிரை காலியாக இருந்தது. சாயந்திரம் எனக்கென்று நானே பீங்கான் வைத்த இடம். ஒரு கிழங்கை எடுத்துத் தோலை உரித்து, அந்தப் பீங்கானில் வைத்து இரண்டாகப் பிளந்து, சீஸை அதன் மேல் சொட்டு விடாமல் வழித்துவிட்டாள். பிறகுதான் நிமிர்ந்து மாமனைப் பார்த்தாள்.

“சித்தி இன்னும் சாப்பிடல மாமா.”

மாமன் அவளைப் பார்த்தார். பீங்கானைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார், அன்றைக்கு அவர் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். கையை நீட்டி அந்தக் காலிக் கதிரையைப் பின்னுக்கு இழுத்துவிட்டார்.

“உக்காரு தங்கச்சி. ஆறிறப் போகுது” என்றார்.

சட்டியை என் கையிலிருந்து என் கணவர் வாங்கி வைத்தார். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் எழுந்து போகவில்லை.